கோடு விலகிய பக்கம்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்த பிறகும் பிரித்துப் படிக்கிறீர்கள் என்றால் அதற்கே நன்றி. இங்கே நானும் சிட்டுவும் சுகமாக இருக்கிறோம். உங்களுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். போன் போட்டுப் பிரயோஜனம் இல்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அன்றைக்கு நீங்கள் தெருமுனை வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூப்பிட்டிருக்க வேண்டும். கூட்டத்தில் முடியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அண்ணன் மகள் சிட்டு நன்றாகச் சுடுகிறாள். பெற்றவள் என்பதற்காகச் சொல்லவில்லை. கிளப்பில் குறி அட்டையில் ஓட்டை எண்ணிப் புள்ளி போடுகிற வேலை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அட்டைக்கு அம்மா பெண் பாசமெல்லாம் தெரியாது. மே மாதம் முதல் சுற்றும் ஜூனில் இறுதிச் சுற்றுமாகத் தேசிய அணிக்கான தேர்வு வருகிறது. அப்பாவின் துப்பாக்கியோடுதான் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். லைசென்ஸ் அவள் பேருக்கு மாறிவிட்டது.

துப்பாக்கி கிளப் லாக்கரில் பெட்டியோடு அப்படியே இருக்கிறது. அந்த இறுதிப் போட்டிக்குப் பிறகு அவர் அதைத் திறக்கவே இல்லை. மேலே இருக்கிற, குறி பார்க்கிற ஸ்கோப்பைக் கழற்றித் துடைத்து மறுபடியும் கட்ட வேண்டும் என்கிறாள். உங்கள் இடத்தில் இப்போது இருக்கிற மெக்கானிக் வாரத்துக்கு ஒரு நாள் வருகிறவர். "இதெல்லாம் பழைய ஐட்டம்மா, எனக்குப் பழக்கமில்லை" என்று நழுவுகிறார்.

உங்களிடம் கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் அந்தத் துப்பாக்கியை உங்களை விட்டால் யாருக்குத் தெரியும்? எப்படிக் கழற்றுவது, எப்படிக் கட்டுவது என்று எழுதி அனுப்புவீர்களா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணி


ஜனவரி 20

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. இங்கே காதைத் தவிர மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறேன். முதலாளி நாள் முழுக்கத் திட்டுகிறாராம். எனக்குக் கேட்காததால் கடையிலேயே பொறுமைசாலி என்று பேர் எடுத்திருக்கிறேன்.

நீங்கள் "அந்த இறுதிப் போட்டி" என்று ஒரு வார்த்தையில் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அப்படித் தாண்ட முடியாது. அண்ணன் சுட்ட குண்டுகள் ஊர்மேயப் போனதும், எழுந்து நின்று, துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கி, "இது என் தம்பி கட்டின ஸ்கோப். ஆடுது" என்று அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அப்போது எனக்குக் காது கேட்டது. கூடப் பிறந்தவனே சொன்ன பிறகு கிளப் வேறு யாரிடம் விசாரிக்கும்? ஸ்கோப்பைத் தொட்டுப் பார்க்கக்கூட என்னை விடவில்லை. அடுத்த வாரம் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு எந்தத் துப்பாக்கி கிளப்பும் என்னை வாசலில் சேர்க்கவில்லை.

சரி, சிட்டு என்ன செய்வாள்? எழுதுகிறேன்.

ஆனால் எதையும் தொடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உள்ளே குண்டு இல்லை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கோப்பை இரண்டு வளையம் பிடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வளையத்திலும் நான்கு ஸ்க்ரூ. எவ்வளவு இறுக்கம் என்று காட்டுகிற அளவுச் சாவியால் முறுக்கி முடித்ததும், ஸ்க்ரூவின் தலையிலிருந்து வளையத்தின் மேல் வரை ஒரே இழுப்பாக மெல்லிய வெள்ளைப் பெயிண்ட் கோடு போடுவது என் வழக்கம். ஸ்க்ரூ அசையாமல் இருந்தால் கோடு நேராக இருக்கும். அசைந்திருந்தால் இரண்டு துண்டாகத் தெரியும். நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கோடு விலகியிருக்கிறதா? விலகியிருந்தால் தலையில் இருக்கிற துண்டு எந்தப் பக்கம் போயிருக்கிறது? இதை மட்டும் எழுதுங்கள். மற்றது பிறகு.

சிட்டுவுக்கு என் ஆசி. உங்களுக்கு இரத்த அழுத்தம் இருந்ததே, மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

தம்பி


பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் பதில் போட்டதே பெரிது. மாத்திரை சாப்பிடுகிறேன். சிட்டுவுக்குத்தான் இரண்டு நாளாகச் சளி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சுடப் போகிறாள், சொன்னால் கேட்பதில்லை.

அவள் பயிற்சிக்குப் போன நேரத்தில் லாக்கர் அறை ஜன்னலோரம் பெட்டியை வைத்துத் திறந்தேன். நீங்கள் சொன்ன வெள்ளைக் கோடு எட்டு ஸ்க்ரூவிலும் இருக்கிறது. என்ன அழகாகப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் எல்லாமே விலகித்தான் இருக்கிறது. தலையில் இருக்கிற துண்டு கடிகார முள் போகிற பக்கமாகப் போயிருக்கிறது. ஒன்றில் கொஞ்சம், இரண்டு மூன்றில் கால் சுற்று அளவுக்கு. எட்டும் ஒரே பக்கம்தான். சந்தேகம் வந்து கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

இன்னொன்று. வளையத்தை ஒட்டி ஸ்கோப் குழாயைத் தடவினால் லேசாகப் பள்ளம் தட்டுகிறது. இது முன்னாலேயே உள்ளதா? அட்டையில் ஓட்டை எண்ணி எண்ணி எனக்கும் கண் கூர்மையாகிவிட்டது பாருங்கள்.

இனிக் கழற்றலாமா? சீக்கிரம் எழுதுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அண்ணி


பிப்ரவரி 12

அண்ணிக்கு,

நீங்களும் சிட்டுவும் சுகம் என்று நம்புகிறேன். நான் இரண்டு நாளாகக் கடைக்குப் போகவில்லை. உங்கள் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஸ்க்ரூ தளர்ந்தால் கோடு கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் போகும். உங்கள் வீட்டுப் பாட்டில் மூடியைத் திறந்து பாருங்கள், புரியும். கடிகாரப் பக்கம் போயிருக்கிறது என்றால் தளரவில்லை. இறுகியிருக்கிறது. சுடுகிற அதிர்ச்சியில் ஸ்க்ரூ தானாக இறுகாது. நான் கோடு போட்ட பிறகு யாரோ ஒரு கை சாவியைப் போட்டு முறுக்கியிருக்கிறது. முறுக்கின முறுக்கில் வளையம் குழாயை நசுக்கிவிட்டது. அதுதான் உங்கள் விரலில் தட்டிய பள்ளம். குழாய்க்குள்ளே கண்ணாடிகள் நூல் பிடித்தமாதிரி நிற்க வேண்டும். வெளியே நசுங்கினால் உள்ளே சிக்கிக்கொள்ளும். அதன் பிறகு உள்ளே குறி காட்டுகிற குறுக்குக் கோடு ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும். நீங்கள் எங்கே குறி வைத்தாலும் குண்டு தன் இஷ்டத்துக்குப் போகும். அன்றைக்கு அப்படித்தான் போனது.

அந்தக் கை யாருடையது என்று நாம் இரண்டு பேரும் யோசிக்க வேண்டியதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டில் தொங்கிப் பார்க்கிறவர் அண்ணன். சமையல் கேஸ் மூடியிருக்கிறதா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருகிறவர். "எதுக்கும் இன்னும் கொஞ்சம்" என்பது அவர் வாயில் ஊறிய வார்த்தை.

அண்ணி, நான் இத்தனை வருஷமும் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? ஒருவேளை நான்தான் ஒரு ஸ்க்ரூவை விட்டுவிட்டேனோ என்று. கை தப்பியிருக்குமோ, அன்று கவனம் வேறெங்காவது போயிருந்ததோ என்று. தூக்கத்தில்கூட எட்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். என் அண்ணன் பொய் சொல்ல மாட்டார் என்று நம்பியதால் என் கையை நானே நம்பவில்லை.

அந்த ஸ்கோப் இனி உதவாது. சிட்டுவுக்கு வேறு வாங்குங்கள். பழையதைக் கழற்ற வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். அப்படியே கிளப் செயலாளரிடம் காட்டி, எனக்கு எழுதியதை அவரிடம் சொல்லுங்கள். வேலையைத் திருப்பிக் கேட்கவில்லை. தப்பு அவன் கட்டியதில் இல்லை என்று கிளப்பில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

தம்பி


மார்ச் 14

அண்ணிக்கு,

சுகமா? ஒரு மாதம் ஆகிவிட்டது, உங்களிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் எங்கள் கடையைத் தாண்டும்போது நான் எழுந்து நிற்பதைப் பார்த்து அவரே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

சும்மா இருக்கும் நேரத்தில் வேண்டாததெல்லாம் தோன்றுகிறது. துப்பாக்கி மேல் இருக்கிற ஸ்க்ரூவை அந்த அளவுக்கு முறுக்க வேண்டும் என்றால் ஒரு ஆளால் ஆகாது. பட்டறையில் துப்பாக்கியைக் கவ்விக்கொள்ளப் பிடிமானம் உண்டு. போட்டி மைதானத்தில் அது கிடையாது. அங்கே முறுக்க வேண்டும் என்றால் ஒருவர் துப்பாக்கியின் கட்டையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் முறுக்க வேண்டும். அண்ணன் தன் துப்பாக்கியை யார் கையிலும் கொடுக்க மாட்டார். ஒரே ஒருவர் கையில்தான் கொடுப்பார்.

அன்று காலை நீங்கள் அவர் பக்கத்தில் இருந்தீர்களா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். புது ஸ்கோப் கட்டுகிற முறையை அதன் பிறகு எழுதுகிறேன்.

தம்பி


மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

கோபம் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு நடுவில் ஒரு வாரம் காய்ச்சல். அதோடு கிளப்பில் வேலைக்கு மேல் வேலை. உங்கள் அண்ணன் பயிற்சி கொடுத்த கூடத்துக்கு அவர் பேரையே வைத்துவிட்டார்கள். பெரிய படம் மாட்டியிருக்கிறார்கள், சிரிக்கிற படம். படத்துக்குக் கீழே அவர் மாணவர்களிடம் எப்போதும் சொல்கிற வார்த்தையைச் சுவரில் எழுதியிருக்கிறார்கள்: "கடைசி முறுக்கு உன் கையால் இருக்கட்டும்." திறப்பு விழாவில் செயலாளர் பேசும்போது நிறையப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சிட்டு அந்தப் படத்தைத் தொட்டுவிட்டுத்தான் தினமும் சுடப் போகிறாள்.

நீங்கள் கேட்டதைப் பற்றி நானும் யோசித்தேன். போனவரைப் பற்றி இப்போது பேசி யாருக்கு என்ன லாபம்? பள்ளம் என்று எழுதினேன், அது என் கண்ணாகவும் இருக்கலாம். கண்ணாடி மாற்றி வருஷக்கணக்காகிறது. பழைய ஸ்கோப்பைக் கழற்றிவிட்டோம். பெட்டிக்குள் அழுக்காகக் கிடந்தது என்று ஸ்பிரிட் போட்டு வளையம் ஸ்க்ரூ எல்லாவற்றையும் துடைத்து வைத்துவிட்டேன். இப்போது பளிச்சென்று இருக்கிறது.

சிட்டுவின் உதவித்தொகை, பயிற்சி நேரம், எல்லாமே செயலாளர் கையில் இருக்கிறது. உங்கள் அண்ணன் மகள் என்பதற்காகத்தான் இவ்வளவும் செய்கிறார்கள். இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

புது ஸ்கோப் வந்துவிட்டது. சிட்டு தினம் கேட்கிறாள், "சித்தப்பா எழுதிட்டாராம்மா?" என்று. என் மேல் இருக்கிற வருத்தத்தை அவள் மேல் காட்டாதீர்கள். ராத்திரி நேரத்தோடு படுங்கள்.

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணிக்கு,

காய்ச்சல் விட்டது அறிந்து சந்தோஷம். நான் கேட்டதற்குப் பதில் இல்லாததே பதில் என்று எடுத்துக்கொண்டேன். துடைத்து வைத்ததும் நல்லதுதான். உங்கள் கைக்குச் சுத்தம் எப்போதும் முக்கியம்.

பயப்படாதீர்கள். பிப்ரவரியில் நீங்கள் எழுதியது என்னிடம் இருக்கிறது, ஆனால் அதை யாரிடமும் காட்ட மாட்டேன். அண்ணியின் கையெழுத்தைத் தெருவில் விரித்து எனக்கு நல்ல பேர் வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. நீங்களாகச் சொன்னால்தான் அதற்கு மதிப்பு.

சிட்டுவுக்காக எழுதுகிறேன். அவளுக்கே படித்துக் காட்டுங்கள்.

முதலில் ஸ்க்ரூ, ஸ்க்ரூத் துளை, வளையத்தின் உட்புறம் எல்லாவற்றையும் ஸ்பிரிட்டால் துடைக்கவும். எண்ணெய்ப் பசை ஒட்டக் கூடாது. துரு பிடிக்கும் என்று பயந்து ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறவர்கள் உண்டு. எண்ணெய் பட்ட ஸ்க்ரூ அளவு தெரியாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். துப்பாக்கி உடம்போடு சேர்கிற அடித்தட்டின் ஸ்க்ரூவில் மட்டும் கழலாமல் பிடிக்கிற பூட்டுப் பசை ஒரு துளி. அது நீல நிறத்தில் இருக்கும். சிவப்பு வேண்டாம், பிறகு யாராலும் கழற்ற முடியாது. வளையத்தை அடித்தட்டில் வைத்ததும் துப்பாக்கி வாய்ப் பக்கமாகத் தள்ளி, முட்டியதும் இறுக்கவும். வெடிக்கும்போது ஸ்கோப் தன் கனத்தில் முன்னால்தான் நகரப் பார்க்கும். அங்கே ஏற்கெனவே முட்டிக்கொண்டிருந்தால் எங்கே நகரும்?

அடுத்தது கண். ஸ்கோப்பைக் கீழ் வளையத்தில் வைத்து மேல் மூடியை லேசாகப் போட்டுவிட்டு, சிட்டு போட்டியில் படுப்பதுபோலவே படுக்கட்டும். போட்டிக்குப் போடுகிற தடித்த ஜாக்கெட்டையும் போட்டுக்கொள்ளட்டும். கண்ணை மூடிக் கன்னத்தைக் கட்டையில் வைத்து, கழுத்து தானாக அடங்கின பிறகு கண்ணைத் திறக்கட்டும். வட்டம் முழுசாக, ஓரத்தில் கறுப்பு நிழல் இல்லாமல் தெரிய வேண்டும். நிழல் தெரிந்தால் அவள் கழுத்தை நகர்த்தக் கூடாது, ஸ்கோப்பை நகர்த்துங்கள். கருவிதான் ஆளுக்கு வளைந்து கொடுக்க வேண்டும். நம் வீட்டில் அது எப்போதும் தலைகீழாகத்தான் நடந்திருக்கிறது.

பிறகு எதிர்ச் சுவரில் நூலில் ஒரு கனத்தைக் கட்டித் தொங்கவிட்டு, ஸ்கோப்பின் நெட்டுக்கோடு நூலோடு பொருந்துகிறதா என்று பார்க்கவும்.

கடைசியில் முறுக்குவது. ஒவ்வொரு வளையத்திலும் நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவும். வளையத்தின் இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். அளவுச் சாவியை ஸ்கோப்போடு வந்த தாளில் இருக்கிற அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அளவு வந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். எனக்கு இப்போது அது காதில் விழாது, மணிக்கட்டில்தான் தெரியும். அந்த 'டக்'கோடு கையை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டு வெள்ளைக் கோடு போடுங்கள். அதன் பிறகு பயிற்சியில் சுட்டு, குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி நேர் பார்க்கட்டும். நேர் பார்த்த பிறகு ஸ்க்ரூவைத் தொடக் கூடாது. தொட்டால் மறுபடி முதலிலிருந்து நேர் பார்க்க வேண்டும்.

உடம்புக்கு எதுவும் இழுத்துவிட்டுக்கொள்ளாதீர்கள். சிட்டு நன்றாகச் சுடட்டும்.

தம்பி


மே 11

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். தேர்வின் முதல் சுற்று முடிந்தது, சிட்டு முதலாவதாக வந்திருக்கிறாள். அவள் அட்டையையும் நான்தான் எண்ணினேன். எல்லா ஓட்டையும் நடுவிலேயே ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, எண்ணுவதற்கே சிரமமாக இருந்தது. நீங்கள் எழுதியதை ஒரு வரிகூட விடாமல் செய்தோம்.

செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யாரும்மா கட்டினது?" என்று கேட்டார். தயங்கித் தயங்கி உங்கள் பேரைச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "பழசை மறந்துடலாம். அவர் அண்ணன் பேர்ல இருக்கற கூடம், அவருக்கும் ஒரு இடம் இருக்கட்டும்" என்றார். மெக்கானிக் வேலையையே தருவதாகச் சொல்கிறார், தம்பி. நிரந்தர வேலை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்கள். அன்று ஸ்கோப்பைச் சரியாகக் கட்டாதது தன் தவறு, வருந்துகிறேன் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். கமிட்டிக்குக் காட்டத்தான். சும்மா ஒரு சம்பிரதாயம்.

நான் உங்களுக்கு எதுவும் செய்யவில்லை என்று இருக்க வேண்டாம். எனக்காகவும் எழுதுங்கள். நீங்கள் திரும்பி வந்துவிட்டால் என் மனசுக்கும் நிம்மதியாக இருக்கும். வெயிலில் அலையாதீர்கள்.

அண்ணி


மே 19

அண்ணிக்கு,

சிட்டு முதலாவதாக வந்த செய்தியைக் கடையில் எல்லோருக்கும் சொன்னேன். நான் என்ன சத்தத்தில் சொன்னேனோ தெரியாது, பக்கத்துக் கடைக்காரரும் வந்து கையைக் குலுக்கினார். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்ட இரண்டு வரியை எழுதிப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், அந்த வேலை எனக்கு வேண்டும். ஊசியும் பாபினும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. 'சரியாகக் கட்டாதது என் தவறு' என்று எழுதியும் விட்டேன். பேனா ஒன்றும் முரண்டு பிடிக்கவில்லை. செய்யாத தப்புக்கு உங்கள் தயவில் மன்னிப்பு வாங்கிக்கொண்டு, அண்ணன் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்து வேலை பார்த்திருப்பேன். அந்த அளவுக்கு இறங்கிவந்துவிட்டேன்.

கையெழுத்துப் போடும்போதுதான் சிட்டு நினைவுக்கு வந்தாள். கமிட்டிக்குப் போகிற தாள் அவள் கண்ணில் படாமல் இருக்காது. சித்தப்பாவே ஒப்புக்கொண்டிருக்கிறார், அவர் கட்டினால் தளரும் என்று அவள் நினைப்பாள். இப்போது அவள் துப்பாக்கியில் இருப்பதும் நான் சொல்லிக் கட்டியதுதான். சந்தேகம் வந்தால் என்ன செய்வாள்? சாவியைத் தேடுவாள். முறுக்கு என்று சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள், அதுவும் அவள் அப்பா சொன்னதாக. தாளைக் கிழித்துவிட்டேன்.

என்னைப் பற்றி இனி ஒன்றும் கேட்க மாட்டேன். என் பேர் கெட்டது கெட்டதாகவே இருக்கட்டும். ஆனால் அவள் அப்பாவின் ஸ்கோப் எதனால் கெட்டது என்று அவளிடம் நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். வெறுமனே முறுக்காதே என்றால் கேட்க மாட்டாள். ஏன் என்று கேட்பாள். அந்த ஏனுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். இறுதிச் சுற்றுக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

தம்பி


ஜூன் 23

சித்தப்பாவுக்கு,

சிட்டு எழுதுகிறேன். நீங்கள் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாங்கள் நன்றாக இல்லை.

இறுதிச் சுற்று முடிந்தது. நான் தேறவில்லை. தேறாமல் போவது சகஜம், அதற்கு அழுகிற ஆள் நான் இல்லை. ஆனால் நான் சரியாகத்தான் சுட்டேன். மூச்சு சரியாக இருந்தது, விரல் சரியாக இருந்தது. குறி நடுவில் இருக்கும்போது வெடித்தேன், குண்டு மட்டும் மேலேயும் பக்கத்திலேயுமாகச் சிதறியது. முதல் சுற்றில் ஒரே ஓட்டையில் போட்ட துப்பாக்கி அது. செயலாளர் வந்து, "யாரு கட்டினது, அதே ஆளா?" என்றார். அம்மா குனிந்து துப்பாக்கிப் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன், "சித்தப்பா எழுதி அனுப்பினது" என்று. அங்கே நின்றிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பழைய கதையை அப்போதுதான் யாரோ சொன்னார்கள். அப்பாவுக்கும் இதே மாதிரி நடந்தது எனக்கு இத்தனை நாள் தெரியாது.

உங்களை நம்பினேன் சித்தப்பா. நீங்கள் எழுதியதை அம்மா படிக்கப் படிக்க அப்படியே செய்தேன். ஸ்க்ரூ தளர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தளர்ந்திருக்க வாய்ப்பே இல்லை. தொடக் கூடாது என்று நீங்கள் எழுதியிருந்தும், போட்டி அன்று காலையில் மனசு கேட்காமல் எட்டையும் இன்னும் நன்றாக முறுக்கிவிட்டுத்தான் போனேன். அம்மா துப்பாக்கியை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள், நான் இரண்டு கையாலும் முறுக்கினேன். அம்மா முகமெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. "என்னம்மா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, நீ முறுக்கு" என்றாள். எனக்காகப் பதறுகிறாள் என்று நினைத்தேன். ஆக, தப்பு நீங்கள் சொன்ன அளவில்தான் இருக்கிறது. என்ன தப்பு என்று எழுதுங்கள். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இருக்கிறது.

அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை.

சிட்டு


ஜூன் 30

அண்ணிக்கு,

சிட்டு எனக்கு எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். அவளுக்கு நான் பதில் எழுதவில்லை. நான் எழுதினால் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்றுதான் படும். இதற்குப் பதில் எழுத வேண்டியவர் அவள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்.

அண்ணன் அன்று துப்பாக்கியை உங்கள் கையில் கொடுத்து முறுக்கியபோது, அது என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதை நான் மனதார நம்புகிறேன். இந்தத் தடவை தெரியும். மே மாதமே கும்பிட்டு எழுதியிருந்தேன். முறுக்காதே என்று ஒரு வார்த்தை சொன்னால், ஏன் என்று இன்னொரு வார்த்தையும் சொல்ல வேண்டிவரும் என்று பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறீர்கள்.

சாப்பிடாமல் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அதனால் எதுவும் சரியாகாது. நீங்கள் சொல்கிறவரை அவள் ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் முறுக்கிக்கொண்டுதான் இருப்பாள், நீங்களும் பிடித்துக்கொண்டுதான் இருப்பீர்கள்.

தம்பி